எட்டாம் இடம்

2020 பிப்ரவரி 29, சனிக்கிழமை. அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, பெரியமேட்டுப் பக்கம் நடந்தால் நேரு ஸ்டேடியம். அன்றைக்கு ஐஎஸ்எல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் சென்னையின் எஃப்சி, கோவாவை 4-1 என்று அடித்தது. டிசம்பரில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வரும்வரை அட்டவணையின் அடியில் கிடந்த அணி. லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். இறுதிப் போட்டி கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது. ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். போகட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று நினைத்தோம்.

அடுத்த வருஷம் கோய்ல், வால்ஸ்கிஸ் இரண்டு பேருமே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார்கள்.

"காசைக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கக் கூடாதா?" என்று நண்பன் கொதித்தான். நான் கிளப்பின் கணக்குப்பிள்ளை மாதிரி பதில் சொன்னேன்: "பட்ஜெட்னு ஒண்ணு இருக்குல்ல மச்சான். விரலுக்கேத்த வீக்கம்தான் வேணும்." அதற்குப் பிறகு மூன்று சீசன் தொடர்ந்து எட்டாம் இடம். மூன்று வருஷமும் நான் அதே பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செலவைக் கட்டுப்படுத்துவது ஓர் அறமா, இல்லை நான் ஒரு சௌகரியத்துக்கு அறம் என்று பெயர் வைத்திருந்தேனா என்று யோசித்தது ரொம்பப் பின்னால்தான்.

நம்மூர் டிரான்ஸ்ஃபர் சந்தை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் 2017-இல் நெய்மாருக்கு பிஎஸ்ஜி கொடுத்தது 22.2 கோடி யூரோ. இங்கே 2021-இல் லிஸ்டன் கொலாசோ ஹைதராபாத்திலிருந்து மோகன் பகானுக்குச் சுமார் ஒரு கோடி ரூபாய்க்குப் போனதே தலைப்புச் செய்தி. பெரும்பாலும் வீரர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் இலவசமாகத்தான் கிளம்புகிறார்கள். அணிகளின் மொத்த சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, அது 16.5 கோடியாக இருந்த காலம் இருக்கிறது. ஆக, இங்கே யாரை வாங்குவது என்பதைவிட யாருடைய ஒப்பந்தத்தை, எப்போது, எத்தனை வருஷத்துக்குப் புதுப்பிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஒப்பந்தம் என்பது ஒரு வாக்கு. அப்படியானால் செலவுக் கட்டுப்பாடு என்பது, காப்பாற்ற முடிகிற வாக்கை மட்டும் கொடுப்பது.

இதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு லீட்ஸ் யுனைடெட்டைச் சொல்வார்கள். வரப்போகிற சாம்பியன்ஸ் லீக் பணத்தை நம்பிக் கடன் வாங்கி ஆட்களைச் சேர்த்தார்கள். 2001-இல் அந்தப் போட்டியின் அரையிறுதி வரை போனார்கள். 2004-இல் பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கினார்கள். 2007-இல் மூன்றாம் டிவிஷன். கனவு கண்டவர்கள் நிர்வாகிகள். அதற்கான வட்டியைக் கட்டியது டிக்கெட் வாங்கியவனும் ஆபீஸில் வேலை பார்த்தவனும்.

ஆனால் கெட்டிக்காரத்தனமாக ஆள் எடுத்தால் போதுமா? சென்னை சிட்டி எஃப்சி ஞாபகம் இருக்கிறதா? ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளிலிருந்து பெரிய பெயரில்லாத நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். அதில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், கடைசி நாள் ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஒரே புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலைத் தாண்டி ஐ-லீக் சாம்பியன். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பெயரே இல்லை. மலிவாக நல்ல ஆளைப் பிடிப்பது ஒரு திறமை. கிளப் நிலைப்பது வேறு சமாச்சாரம்.

இதுவரைக்கும் என் பழமொழி ஜெயித்த மாதிரிதான் தெரியும். ஒரு ஓட்டை இருக்கிறது. ஐஎஸ்எல்லில் அந்த வருஷங்களில் தரமிறக்கம் கிடையாது. 2018-இல் கோப்பை வாங்கிய சென்னையின், அடுத்த சீசனில் கடைசி இடம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. இறங்கும் பயம் இருக்கிற இடத்தில் கையைக் கட்டுகிறவனுக்கு ஒரு துணிச்சல் வேண்டும். தோற்றாலும் நஷ்டமில்லாத இடத்தில் அதே கை கட்டல் சிக்கனமாகவும் இருக்கலாம், கஞ்சத்தனமாகவும் இருக்கலாம். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே எண்தான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால், மிச்சம் பிடித்ததன் வலி யார் தலையில் விழுந்தது என்று பார்க்க வேண்டும்.

இதை நான் கால்பந்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், என் டீமில் ஒரு தம்பி கான்ட்ராக்டில் டெஸ்டிங் பார்த்தான். ஆவடியிலிருந்து வருவான். ஜனவரியில் ஒரு ஆளைக் குறைக்கச் சொன்னார்கள். யாரை என்று எழுதிக் கொடுத்தது நான். கணக்குப்படி அது சரியான முடிவு; இன்றைக்கும் அதே பெயரைத்தான் எழுதுவேன். பிப்ரவரியில் டீக்கடையில் கேட்டான்: "அண்ணா, ஏப்ரல்ல ரினியூ ஆயிடும்ல? பைக் லோன் போடலாம்னு இருக்கேன்." நான் "பாத்துக்கலாம்டா" என்றேன். மார்ச் கடைசி வாரம் சொன்னேன். அவன் சண்டை போடவில்லை. "ஜனவரியிலயே சொல்லியிருக்கலாம்ல அண்ணா" என்று மட்டும் கேட்டான்.

என் பட்ஜெட் ஒழுக்கத்தில் குறை இல்லை. ஒழுக்கத்தின் செலவை அவனுக்குத் தெரியாமல் அவன் கணக்கில் எழுதினேன், அவ்வளவுதான். அந்த இரண்டு மாதம் சும்மா இருந்ததில் கம்பெனிக்கு ஒரு ரூபாய் லாபமில்லை. எனக்கு ஒரு சங்கடமான பேச்சு தள்ளிப்போனது. அவனுக்கு ஒரு கடன் ஏறியது.

2025 ஆகஸ்டில் அந்தத் தம்பியின் கேள்வி திரும்ப வந்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் ஐஎம்ஜி-ரிலையன்ஸுடன் 15 வருஷத்துக்கு, 700 கோடிக்குப் போட்ட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிகிறது. ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. பின்னாலேயே சென்னையினும் வேலைகளை நிறுத்தியது. சம்பளப் பட்டியலைச் சுருக்கி வைத்திருந்தாலும் தாராளமாக வைத்திருந்தாலும் எல்லாருக்கும் ஒரே கதிதான். முடியும் தேதி மட்டும் 15 வருஷமாக எல்லாருக்கும் தெரியும். கடைசி மாதங்கள் வரை யாரோ "பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதனால் இப்போது என் பதில் கொஞ்சம் மாறியிருக்கிறது. சிக்கனம் தன்னளவில் அறமில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகச் செய்தால், முடியாது என்று தெரிந்த நாளே வாயைத் திறந்து சொன்னால், அது அறம். சொல்லாமல் செய்தால் வெறும் எண்.

நண்பன் இப்போதும் வால்ஸ்கிஸ் கதையை இழுக்கிறான். 2022 ஜனவரியில் அவர் திரும்பி வந்ததையும், 2023-இல் கோய்லே வந்ததையும் சொல்லிச் சமாளிக்கிறேன். பழமொழியை மட்டும் சொல்வதில்லை. ஆவடி ரயிலில் ஏறும்போது எதிர் சீட்டில் அந்தத் தம்பி இருப்பானோ என்று ஒரு கணம் பார்ப்பேன்.