நாம் தோற்றோம் என்பது

ஒரகடம் கூட்டுரோட்டு மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ். 2025 மார்ச் 28 இரவு, அங்கிருந்த டெலிவிஷனில் சென்னை சூப்பர் கிங்ஸ் சேப்பாக்கத்தில் பெங்களூரிடம் தோற்றுக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டியது 197. ஏழு விக்கெட் போய், எந்தக் கணக்கிலும் ஆட்டம் திரும்ப வழியில்லாத நேரத்தில், ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். அவருக்கு முந்தியவர் அவுட்டானதும் மெஸ்ஸில் விசில் பறந்தது; மைதானத்திலிருந்தும் அதே சத்தம்தான் வந்தது. 16 பந்தில் 30 அடித்தார். சென்னை 8 விக்கெட்டுக்கு 146. 50 ரன்னில் தோல்வி. 2008-க்குப் பிறகு பெங்களூர் இந்த மைதானத்தில் சென்னையை ஜெயித்தது அன்றுதான். என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன், ஏதோ ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள், கை கழுவப் போகும்போது "நாம தோத்துட்டோம்ணே" என்றான். சற்று முன் விசிலடித்தவர்களில் அவனும் ஒருவன்.

இந்த வாக்கியம் எனக்குள் பல மாதங்கள் அரித்துக்கொண்டிருந்தது. கிரிக்கெட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்களில் இடமில்லை என்று நினைப்பவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் எழுத வந்தது ஒரு பிரதிப்பெயரைப் பற்றி.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவனை வெளியே நிறுத்துவது 'நாங்கள்', உள்ளே இழுப்பது 'நாம்'. வினைமுற்று இரண்டுக்கும் ஒன்றேதான்; 'தோற்றோம்' என்பதிலிருந்து யார் யார் தோற்றார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தேர்வு முழுக்க அந்தப் பிரதிப்பெயரில் இருக்கிறது. பையன் என்னைக் கேட்காமலே அந்தத் தோல்வியில் எனக்கு ஒரு பங்கு ஒதுக்கிவிட்டான். ஆடிய பதினொருவரில் தமிழ் பேசுகிறவர் ஒருவரோ இருவரோ. அவர்களில் எவருக்கும் அவன் சொன்னது கேட்காது. கேட்காதவர்களையும் கேட்கிற என்னையும் ஒரே சொல்லில் அடைக்க அவனுக்கு உரிமை கொடுத்தது எது?

அதே பையனிடம் அவன் வேலையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். லைனின் தலைமாட்டில் ஒரு பலகை. மேலே டார்கெட், கீழே இதுவரை ஆனது. எட்டு மணி நேரமும் அவன் கண்ணெதிரே ஒரு ஸ்கோர்போர்டு ஓடுகிறது, அவன் கையால்தான் அதில் எண் ஏறுகிறது. ஆனாலும் அங்கே அவனுக்கு 'நாம்' வருவதில்லை. "கம்பெனி இன்னிக்கு டார்கெட் அடிச்சிடுச்சு" என்பான். தன் கை பட்டதற்குப் படர்க்கை. தன் கை எட்டவே எட்டாததற்குத் தன்மை. அந்நியமாதல் என்று பெயர் சொல்லி இதை முடித்துவிடலாம். முடித்தும் இருக்கிறோம், பல கட்டுரைகளில். எனக்கு அதில் திருப்தியில்லை.

அந்த சீஸனின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம். முதலாவதில் மும்பையை ஜெயித்தார்கள், பிறகு வரிசையாக ஐந்தும் தோல்வி. கொல்கத்தாவுடன் 9 விக்கெட்டுக்கு 103; எதிரணி பதினோராவது ஓவரிலேயே முடித்துக்கொண்டு போய்விட்டது. கேப்டன் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலக, தோனியே மறுபடி கேப்டன். ஏப்ரல் 30-ல் பஞ்சாபிடம் தோற்றதோடு அடுத்த கட்டத்துக்கான வாய்ப்பும் போயிற்று. மொத்தம் 14 ஆட்டத்தில் 4 வெற்றி. பத்து அணிகளில் பத்தாவது இடம். 2020-லும் 2022-லும் சறுக்கியிருக்கிறார்கள், கடைசிக்கு வந்தது அந்த வருஷம்தான் முதல் தடவை.

கடைசிக்கு வந்ததால் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் மேல் பிரிவின் கடைசி மூன்று அணிகள் கீழே தள்ளப்படும். இங்கே அப்படியில்லை. 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போயிற்று, அதில் அணிகளுக்கு வரும் பங்கு தோற்றவனுக்கும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் லீகும் இப்படி மூடிய கடைதான்; சிகாகோ வொயிட் சாக்ஸ் 2024-ல் 162 ஆட்டத்தில் 121 தோற்றது, அடுத்த வருஷமும் அதே லீகில் ஆடியது. முதலாளிக்கு நஷ்டம் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டக்காரனுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அடுத்த ஏலம் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பத்துத் தோல்விகளையும் உண்மையாகவே அனுபவித்தது யார்? தோல்வியின் முழு எடையும் அதில் ஒரு பைசா சம்பந்தமில்லாதவன் தலையில் இறங்குகிறது. அவனும் விரும்பி இறக்கிக்கொள்கிறான்.

1976-ல் ராபர்ட் சியால்டினி என்ற உளவியல்காரரும் சகாக்களும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். தங்கள் கால்பந்து அணி ஜெயித்தால் மாணவர்கள் 'நாம்' என்று சொல்வது அதிகம், தோற்றால் குறைவு. பிறர் வெளிச்சத்தில் குளிர்காய்கிற காரியம் என்று விளக்கம். கெட்டிக்கார விளக்கம்தான். ஆனால் என் பையன் தோற்ற இரவில் அல்லவா அதைச் சொன்னான்? வெளிச்சமே இல்லாத இடத்தில் குளிர்காய என்ன இருக்கிறது?

ஸார்த்தர் 1960-ல் எழுதிய 'இயங்கியல் அறிவின் விமர்சனம்' நூலில் பஸ்ஸுக்கு நிற்கும் க்யூ ஒன்று வருகிறது. ஒரே இடத்தில், ஒரே நோக்கத்தோடு நிற்கிறார்கள். ஆனால் கூட்டம் இல்லை, வரிசை. ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குப் பதிலி. இடம் குறைவாதலால் ஒவ்வொருவனும் அடுத்தவனுக்கு உபரி. ரேடியோ கேட்பவர்களையும் அவர் இதே கணக்கில்தான் சேர்க்கிறார்: பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம், அணைப்பதால் எதுவும் மாறாது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (பாதிப் பேர் முதுகில் மஞ்சள் பனியனும் ஏழாம் நம்பரும். ஒரே எண்ணைப் போட்டுக்கொண்ட இருபது பேர். ஸார்த்தரே இப்படி ஒரு உதாரணத்தைக் கற்பனை செய்திருக்க மாட்டார்.) ஆனால் இந்த வரிசைக்குள்ளிருந்து ஒருவன் திரும்பிப் பக்கத்தில் நிற்பவனிடம் "நாம தோத்துட்டோம்" என்று சொல்லும் கணத்தில் வரிசை லேசாக ஆடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. வெற்றியில் ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். தோல்வியில்தான் அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அந்த விசிலுக்கு மட்டும் எனக்கு நெடுநாள் மன்னிப்புக் கிடைக்கவில்லை. தன் அணியின் விக்கெட் விழ வேண்டும் என்று விரும்புகிறவன் எந்த வாயால் நாம் என்கிறான்? ஆளுக்கான பக்தி அணியைத் தின்றுவிட்டது என்று கோபப்பட்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்து, தோனியின் முழங்கால் பழையபடி இல்லை, பத்து ஓவர் நின்று ஆட அவரால் ஆகாது என்று பயிற்சியாளர் பிளெமிங் சொன்னபோது பையனுக்கு அது செய்தியாகவே இல்லை. "நின்னு பாத்தவனுக்குத் தெரியும்ணே முட்டி வலி" என்றான். எட்டு மணி நேரம் நிற்கிற கால்களின் தீர்ப்பு அது. என் கோபம் உட்கார்ந்தபடியே பட்ட கோபம்.

இனி என்னைப் பற்றி. 2024 செப்டம்பர் 9-ந் தேதி சுங்குவார்சத்திரம் சாம்ஸங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், 37 நாள். சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை; அது நடந்தது அடுத்த ஜனவரியில்தான். அந்த நாட்களில் அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். வீட்டில் கேட்டால் "அவங்க இன்னும் உட்கார்ந்திருக்காங்க" என்பேன். அனுதாபம் இருந்தது, கூலி உழைப்பு பற்றி நான் எழுதியவையும் அச்சில் இருக்கின்றன. ஆனாலும் 37 நாளில் ஒரு தடவைகூட என் வாயில் 'நாம்' வரவில்லை. வந்தால் பொய்யாக இருக்குமே என்று ஜாக்கிரதையாக இருந்ததாகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ஜாக்கிரதை பையனிடம் இல்லை. தகுதியைச் சோதித்துப் பார்த்து அவன் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. ஒளிபரப்புக் கம்பெனி அவனிடமிருந்து அதைக் கறந்து விற்கிறது என்பதும் உண்மை. விற்கப்படுகிறது என்பதால் அது போலி என்று ஆகிவிடுமா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் விற்பதற்குக்கூட அப்படி ஒன்று இருக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது.

மே 25 ஞாயிற்றுக்கிழமை. அகமதாபாத்தில் கடைசி ஆட்டம். ஒன்றுக்கும் உதவாத அந்த ஆட்டத்தில் சென்னை 230 அடித்து, குஜராத்தை 83 ரன்னில் ஜெயித்தது. பையனுக்கு அன்று இரண்டாவது ஷிப்ட், பார்க்கவில்லை. மறுநாள் காலை டீக்கடையில் பார்த்தபோது, "ஜெயிச்சுட்டாங்களே, தெரியுமா?" என்றேன்.

"ஜெயிச்சுட்டோம்னு சொல்லுங்கண்ணே" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே.