பாலிசியைப் படியுங்கள், நிமிர்ந்து கேளுங்கள்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. புயல் வருகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நம் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. படகை மேட்டுக்கு இழுப்போம். கூரைக்குக் கயிறு கட்டுவோம். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவோம். ஒன்றை மட்டும் செய்வதில்லை: பீரோவுக்குள் கிடக்கும் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிப்பதில்லை. பலர் வீட்டில் எடுத்துப் படிக்க ஒரு பாலிசி இருப்பதும் இல்லை.

இது மாற வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரை பார்த்ததை நாம் மறக்கவில்லை. கல்பாக்கம் குடியிருப்புக்குள்ளேயே கடல் புகுந்தது. வலையும் படகும் வீடும் ஒரே காலையில் போயின. அதன்பின் நிவாரண வரிசையில் நின்றோம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. அரசு செய்ய வேண்டிய கடமை அது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நிவாரணம் எவ்வளவு என்பதை எங்கோ ஓர் அரசாணை முடிவு செய்கிறது. இன்சூரன்ஸில் என் வீடு இவ்வளவு பெறும், என் கடைச் சரக்கு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுப்பது நீங்கள். இருபது வருடம் உழைத்துச் சேர்த்த சொத்துக்கு மதிப்பு சொல்லும் உரிமையை ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்?

“அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், ஏஜென்ட் பாத்துக்குவாரு” என்று சொல்லாதீர்கள். மாமல்லபுரத்துச் சிற்பி உளியால் ஒரு தட்டுத் தட்டி, எழும் ஓசையை வைத்தே கல்லுக்குள் விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். மீனவர் காற்றின் திசையை வைத்துக் கடலைப் படிக்கிறார். ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு எஞ்சினில் எந்தப் பாகம் முனகுகிறது என்று காது சொல்லிவிடும். இவ்வளவு நுணுக்கம் கைவந்த உங்களுக்கு நாலு பக்கக் காகிதமா புரியாது? புரியும். உங்களுக்குப் புரியாது என்று உங்களை நம்ப வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை இன்றே தூக்கி எறியுங்கள். பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் என்று ஒன்றைக் கம்பெனி தர வேண்டும். எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வண்டியிலிருந்து தொடங்குவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146: தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது. மீறினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்துக்குப் பயந்து எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அது யாருக்கான காப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருவர் மீது மோதி அவருக்கு உயிர்ச்சேதமோ ஊனமோ ஏற்பட்டால், செங்கல்பட்டு நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்கு வரும். தீர்ப்பாகும் தொகை எத்தனை லட்சமானாலும் கம்பெனி கட்டும். பாலிசி இல்லை என்றால் உங்கள் வீடும் நிலமும்தான் பதில் சொல்ல வேண்டும். 75 முதல் 150 சிசி வரையிலான பைக்குக்கு 2022இல் அரசு நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. நாளொன்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவு.

ஆனால் இந்தத் தேர்ட் பார்ட்டி பாலிசி உங்கள் வண்டிக்கு ஒரு பைசா தராது. திருடு போனாலும் தராது, வெள்ளத்தில் மூழ்கினாலும் தராது. அதற்கு ‘ஃபுல் கவர்’ என்று நாம் சொல்லும் பாலிசி வேண்டும். அதுவும் முழுசாகக் கொடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். ‘ஜீரோ டெப்’ சேர்த்திருந்தால்தான் அந்தப் பாதியும் கைக்கு வரும். வண்டியே போய்விட்டால் கிடைப்பது பாலிசியில் ‘ஐடிவி’ என்று போட்டிருக்கும் தொகை. பிரீமியம் நூறு இருநூறு குறைகிறதே என்று அந்த ஐடிவியைக் குறைத்துப் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தைத் தாம்பரம், முடிச்சூர் பக்கம் பார்த்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தண்ணீர் வடிந்த காலையில், கார் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகுகிறோம். எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் பிஸ்டனை முட்டுகிறது, கனெக்டிங் ராட் வளைகிறது, எஞ்சின் போயிற்று. வெள்ளம் கெடுத்ததற்குப் பணம் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குச் சாதாரண ஃபுல் கவரில் கிடையாது என்று கம்பெனி மறுக்கும். ஆகவே சாவியைத் தொடாதீர்கள். நிற்கிற இடத்திலேயே படம் எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுங்கள். பள்ளமான பகுதியில் வீடு என்றால் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பையும் சேர்த்தே வாங்குங்கள்.

மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை, கோபமும் அக்கறையும் கலந்துதான் சொல்கிறேன். வெள்ளை போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றாதீர்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைச் சவாரி அடங்காது. விபத்து நடந்தால் உங்கள் வண்டிக்கான கிளைம் அங்கேயே நின்றுவிடும்.

ஒருவரால் என்ன முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில் வந்த உத்தரவால்தான் 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டு, புது இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு தேர்ட் பார்ட்டி காப்பு கட்டாயமானது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான விபத்துக் காப்பு இன்று 15 லட்சமாக இருப்பதற்கு அடியெடுத்துக் கொடுத்தது நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கேட்டதால் கிடைத்தவை இவை.

வீட்டுக்கு வருவோம். நகைக்கும் வண்டிக்கும் யோசிப்பவர்கள், வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் கொட்டிக் கட்டிய வீட்டுக்கு யோசிப்பதே இல்லை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தர வேண்டும். தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி எல்லாம் அதில் உண்டு. சுனாமி என்ற சொல் பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. இந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. இதில் எழுத வேண்டியது கட்டுமானச் செலவை மட்டும்தான். மனை விலையைச் சேர்க்க வேண்டாம், மண்ணை எந்தப் புயலும் கொண்டுபோகாது. ஆயிரம் சதுர அடி வீடு, இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். உச்சவரம்பு 10 லட்சம். கூடுவாஞ்சேரியிலும் மறைமலைநகரிலும் வீட்டுக் கடன் வாங்கி ஃப்ளாட்டில் குடியேறியவர்களே, “பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க” என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது வீட்டுக்கா, உங்கள் உயிருக்கா, கடன் பாக்கிக்கு மட்டுமா என்று பாலிசியை வாங்கிப் பாருங்கள். மாடியை விருந்தினர் விடுதியாக நடத்தினால் அதைச் சொல்லி, அதற்கான பாலிசியை எடுங்கள்.

இனி தொழில். ஒரு சிற்பக்கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே பாதி முகம் விழித்த பிள்ளையார், கம்ப்ரசர், கிரைண்டர், கட்டிங் மெஷின், மூலையில் ஆர்டர் முடிந்து அனுப்பக் காத்திருக்கும் நந்தி. வெளியே வெயிலில் இன்னும் செதுக்காத கற்கள். இதில் எது எதற்குக் காப்பு இருக்கிறது என்று உரிமையாளரைக் கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான். புவிசார் குறியீடு பெற்ற கலை இது. உலகமெங்கும் கோயில்களுக்குச் சிலை அனுப்புகிற கை, தன் பட்டறையைக் காக்கத் தயங்கலாமா?

சொத்து மதிப்பு ஒரே இடத்தில் 5 கோடிக்கு மேற்படாத சிறு தொழில்களுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி இருக்கிறது. கொட்டகை, எந்திரம், மூலப்பொருள், பாதி முடிந்த வேலை, முடிந்த சரக்கு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மதிப்பிட்டு எழுதுங்கள். திறந்தவெளியில் கிடக்கும் கல்லையும் சிலையையும் தனியாகச் சொல்லி எழுத வையுங்கள். இன்னோர் ஊரில் இரண்டாவது பட்டறை இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் ஏற வேண்டும். இரவில் பூட்டை உடைத்துத் திருடுவதற்கான காப்பும், லாரியில் சிலை போகும் வழியில் உடைந்தால் கிடைக்கும் காப்பும் தனித்தனி பாலிசிகள்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள், அதனால் கணக்கை நிதானமாகப் பாருங்கள். உங்கள் சரக்கின் உண்மை மதிப்பு 10 லட்சம். பிரீமியத்தை மிச்சப்படுத்த 5 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்தீர்கள். வெள்ளத்தில் 4 லட்சம் நஷ்டம். 5 லட்சத்துக்குள்தானே, முழுதும் வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வருவது 2 லட்சம். பாதி மதிப்புக்குக் காப்பு எடுத்தவருக்கு நஷ்டத்திலும் பாதிதான் என்பது விதி. 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தால் இந்தப் பாலிசியில் மன்னிப்பு உண்டு, அதற்கு மேல் கிடையாது. உங்கள் சொத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தீபாவளிக்காகக் கடையில் சரக்கை இரட்டிப்பாக்கினால் அந்த மாதமே பாலிசித் தொகையையும் ஏற்றுங்கள்.

உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் மறக்காதீர்கள். வேலையின்போது ஒருவருக்கு அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டம் முதலாளியைத்தான் பிடிக்கும். கல் தூசி நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் நோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதற்கும் பாலிசி எடுங்கள். அதற்கு முன்னால் முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

மீனவ நண்பர்களுக்கு ஒன்று: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மீனவர்களுக்கு விபத்து மரணத்துக்கு 5 லட்சம் காப்பு உண்டு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவின் 2 லட்சம் விபத்துக் காப்பும் கிடைக்கும்.

சரி, நஷ்டம் நடந்தே விட்டது. அழுதுகொண்டே கூட்டிப் பெருக்கத் தொடங்கிவிடாதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு டேப் பிடித்து உயரம் தெரியும்படி எடுங்கள். நனைந்த சரக்கைக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை வீசாதீர்கள். அன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கிளைம் எண்ணை எழுதி வையுங்கள். பில் புத்தகமும் ஸ்டாக் கணக்கும் கைபேசியிலோ உறவினர் வீட்டிலோ ஒரு நகலாக இருக்கட்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் போட்ட விதிகளைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்: தகவல் சொன்ன 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும், ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளைமை நிராகரிக்கக் கூடாது. சர்வேயரிடம் கெஞ்ச வேண்டியதில்லை, சண்டையும் வேண்டாம். கணக்கை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

மறுத்துவிட்டார்களா? தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 155255 என்ற எண்ணில் ஒழுங்குமுறை ஆணையத்திடம் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலும், சென்னை தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறினால் அரை நாள் வேலை. ஓராண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள், தனியாள் நடத்தும் கடைக்கும் குறுந்தொழிலுக்கும் அங்கே இடமுண்டு. அவர் தரும் தீர்ப்பை 30 நாளுக்குள் கம்பெனி நிறைவேற்றியாக வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.