பெற்றவரும் வளர்த்தவரும்

தத்துப்பிள்ளை தன் பிறப்பை அறியாதிருந்தால்தான் வளர்ப்பு வீட்டில் ஒட்டும் என்ற எண்ணத்துக்குச் சைவ மரபு இடந்தரவில்லை. பெரியபுராணத்தின்படி, விழுப்புரத்துக்குத் தென்மேற்கே உள்ள திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த சுந்தரர் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடியபோது, அவ்வழி வந்த நரசிங்க முனையரையர் என்னும் குறுநில மன்னர் அவரைப் பெற்றோரிடம் கேட்டுப்பெற்று மகனாக வளர்த்தார். அரச வாழ்விலும் பிறந்த குலத்தின் வழக்கப்படியே பிள்ளைக்குப் பூணூல் அணிவிக்கப்பட்டது. பின்னாளில் திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர், முனையரையரை அடியாருள் ஒருவராக வணங்கி, அதே பதிகத்தின் இறுதியில் தம்மைச் சடையனார், இசைஞானியார் மகனென்றும் கூறிக்கொள்கிறார்.

ஒரு பற்று மற்றொன்றைக் குறைக்கவில்லை என்பதே இங்கு அரியது. சமூகவியலாளர் டேவிட் கிர்க் 1964இல் வெளியிட்ட நூலில், 'வேறுபாட்டை ஏற்றல்', அதாவது தத்துக் குடும்பம் தன் தனித்தன்மையை மறுக்காமல் பிள்ளையுடன் பேசுதல், உறவை வலுப்படுத்தும் என்று வாதிட்டார். சுந்தரரின் பெற்றோர் அறியப்பட்டவர்கள். வளர்க்க இயலாத குழந்தையைப் பெற்றோர் அரசிடம் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டத்தில் விடப்பட்ட குழந்தைக்குப் பெற்றோரை அறியும் வாய்ப்பு பெரும்பாலும் இல்லாததால், அதனிடம் பேச வளர்ப்புப் பெற்றோருக்கு இன்னும் கூடுதலான துணிவும் கனிவும் வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் திண்டிவனத்துத் தம்பதி தத்தெடுத்தால் இன்று விழுப்புரம் மாவட்ட ஆட்சியரே ஆணை பிறப்பிக்கிறார். 18 வயது நிறைந்ததும் அப்பிள்ளை தன் வேர்களைத் தேடித் தானே விண்ணப்பிக்க 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வழிசெய்கின்றன, ஆனால் அந்த வயதுக்கு முன்பே வீட்டில் பேசப்பட வேண்டியதை எந்த ஆணையும் பேசிவிடாது.