வேண்டாத கொலை



பஞ்சசீலத்துள் முதலாவது உயிர்க்கொலையினின்று விலகுதல். கொல்லும் கருத்தே கொலைவினையாவது. கருத்தின்றி நேர்ந்த இறப்பு அவ்வினையாகாது என்பது தம்மத்தின் கொள்கை. அங்ஙனமாயின், ஒருவரும் விரும்பாமலே நாள்தோறும் நிகழும் சாவுகளுக்கு யார் பொறுப்பாளர்? இறால் மீன்பிடிப்பு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

இறாலுக்காக விசைப்படகுகள் கடலடியில் இழுக்கும் மடியின் கண்கள் சிறியன. ஆதலால் மீன்குஞ்சுகளும் நண்டுகளும் பிறவும் இறாலோடு வாரப்படுகின்றன. கரையோரத்தார் 'சங்காயம்' என்னும் இவற்றுள் பெரும்பகுதி தீவன ஆலைக்குச் செல்கின்றது. பங்குனி ஆமையோ நீர்மேல் வந்து மூச்சு விடுவது. மடியிற் சிக்கினால் மூச்சடைத்து மாள்கின்றது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையை அடுத்த கரைகளில் பல நூறு ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, இழுவை மடிகளின்மீதே ஐயம் எழுந்தது.

இதற்கு வழி இல்லாமலில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற ஆமை விலக்குக் கருவியை அமைத்துள்ளது. மடியினுள் சாய்வாகப் பொருத்தும் கம்பித்தட்டி இறாலை உள்ளே விடும். ஆமையைத் திறப்பின் வழியே வெளியேற்றும். இழுக்கும்போதும் மூடிக்கொள்ளாத சதுரக் கண்கள் குஞ்சுகளைத் தப்பவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. ஆயினும் இறாலும் தப்பிவிடுமென அஞ்சிப் படகினர் கருவியை ஏற்கத் தயங்குகின்றனர். ஆமைக் காப்புப் போதாதென்று அமெரிக்கா 2019 இல் இந்தியக் கடல் இறாலின் இறக்குமதியை நிறுத்தியது.

அறியுமுன் நேர்ந்தது விபத்து. அறிந்த பின்னும் விலக்காதது சோர்வு. சோர்வின்மையே ததாகதர் இறுதியாக வற்புறுத்திய அறம்.

மீன்பிடித்தலும் கொலையே, அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் இச்சோர்வை மீனவர் தலையில் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. கிடைத்ததிற் பங்கு பெறும் படகுத் தொழிலாளிக்கு, தப்பும் இறால் தன் வீட்டு உலையிற் குறையும் அரிசி. செய்தொழிலைக் காட்டி மாந்தரை இழித்த கொடுமையினின்று வெளிவந்தோர் நாம். கடலோடியைப் பழித்தல் நமக்குத் தகுமோ? கடலுக்கு நெடுந்தொலைவில், பெங்களூர் ரஸ்ஸல் சந்தையில் இறால் வாங்கும் நம் கையும் அம்மடியின் கயிற்றைப் பற்றிய கையே.

ஆகவே, ஊன் விடுத்தோர் அந்நெறியில் நிற்க. விடாதோர், இறால் எவ்வகை மடியில் வந்ததென வணிகரைக் கேட்க. கேட்போர் பலரானால் விற்போர் விடை தேடுவர். கருவியாற் கூடும் விலையைத் தர இசைக. மீனவரின் இழப்பை ஈடுசெய்யுமாறு அரசை வேண்டுவதும் நம் கடன். முதற்சீலத்தை முழுதும் காக்க இயலாதார்க்கும், ஒருவர்க்கும் வேண்டாத இக்கொலையை நிறுத்துதல் இயலும்.