முதற்சொல்லுக்கும் சான்று கேட்ட ஊர்

அரக்கோணத்தில் பிரிந்து காஞ்சிபுரம் வரை வந்த ரயில் பாதை 1865-இல் திறக்கப்பட்டது. இந்த ஒரு வாக்கியத்தை விக்கிப்பீடியாவில் எழுத உட்காரும் தன்னார்வலருக்கு அடுத்த வாக்கியத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பாதையைப் போட்டது யார்? இந்தியன் டிராம்வே கம்பெனி என்கின்றன சில குறிப்புகள். கர்நாடிக் ரயில்வே என்கின்றன வேறு சில. தண்டவாளங்களுக்கு இடையே அகலம் எவ்வளவு? மூன்றடி ஆறங்குலம் என்பது பழைய செய்தி. பின்னாளில் அது மீட்டர் கேஜ் ஆனதை மட்டும் அறிந்தவரோ, தொடக்கத்திலேயே மீட்டர் கேஜ் என்று எழுதிவிடக்கூடும். இரண்டுக்கும் வேறுபாடு மூன்று அங்குலத்துக்கும் குறைவு. டிராம்வே கம்பெனிதான் பிற்பாடு கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாறியது, அதுவும் சேர்ந்துதான் 1874-இல் சவுத் இந்தியன் ரயில்வே உருவானது என்று தேடிக் கண்ட பிறகே முதல் முரண் தீர்கிறது. பழைய ஆவணங்களில் ஊரின் பெயர்கூடக் காஞ்சிபுரம் இல்லை, ‘காஞ்சீவரம்’. ஒரு கிளைப் பாதையின் கதையைச் சரியாகச் சொல்ல, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத பலர் இப்படி வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே யாருடைய பெயரும் வராது.

இதைப் பொழுதுபோக்கு என்று கடந்துவிடலாம். ஆனால் இந்தப் பணிக்குள் நம் மரபு நெடுங்காலம் வாதிட்ட ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு சொல்லுக்கு நம்பத்தக்க தகுதி எங்கிருந்து வருகிறது? சொன்னவரிடமிருந்தா, சொன்ன வழியிலிருந்தா? அறியும் வழிகளை நம் முன்னோர் அளவை என்றார்கள். சிவஞான சித்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக அடக்குகிறது. கண்ணால் காண்பதிலும் கருதி உணர்வதிலும் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் மூன்றாவதான உரையில்தான். நியாய நூலார், உண்மையை அறிந்து அதை உள்ளபடி சொல்ல விரும்பும் நம்பிக்கைக்குரியவர் சொன்னால் அது ஏற்கத்தக்கது என்றனர். மீமாம்சகரோ வேதத்தை ஆக்கியவர் என்று எவரும் இல்லை, ஆகவே மனிதக் குறை அதில் படிய வழியில்லை, அதனாலேயே அது நம்பத்தக்கது என்றனர். பௌத்தத் தருக்கவாதிகள் உரையைத் தனி அளவையாக ஏற்கவே இல்லை. 1865-இல் ரயில் வந்ததை இன்று உயிரோடிருக்கும் எவரும் காணவில்லை. யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. வரலாறு முழுவதும் உரையின் மேல்தான் நிற்கிறது. அந்த உரையைப் பெயர் தெரியாத ஒருவர் எடுத்துச் சொன்னால் ஏன் நம்ப வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் காஞ்சிபுரத்தை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை. காப்பிய நாயகி மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளையும் வஞ்சியில் கேட்டுவிட்டு, கடைசியில் வந்து சேர்வது கச்சி மாநகருக்கு, அதாவது இதே காஞ்சிக்கு. அங்கே பௌத்த ஆசான் அறவண அடிகள் அவளுக்கு முதலில் சொல்வது வழிபாட்டு முறையை அல்ல; அளவை எது, ஏது எது, எடுத்துக்காட்டு எது, எங்கெங்கே வாதம் வழுக்கும் என்பதைத்தான். துறவு பூண்ட பெண்ணுக்குத் தருக்கப் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிய பிறகே பிறப்பறுக்கும் நெறி சொல்லப்படுகிறது. அதே ஊரின் முருகன் கோயிலான குமரகோட்டத்தில் இன்னொரு மரபுக் கதை வழங்குகிறது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை நாள்தோறும் நூறு பாட்டாக எழுதி இரவில் கருவறையில் வைத்துவிடுவார். காலையில் கதவைத் திறந்தால் முருகன் திருத்தி வைத்திருப்பான். நூலின் முதலடியை எடுத்துக் கொடுத்ததும் முருகனே. ஆனால் அரங்கேற்றத்தில் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது. திகழ், தசம் என்ற இரண்டும் சேர்ந்து ‘திகட’ என்று ஆவதற்கு இலக்கண விதி எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்டார். முருகன் தந்த அடி என்ற விடையைச் சபை ஏற்கவில்லை. விதியைக் காட்டும்படி சொல்லிவிட்டது. மறுநாள் சோழநாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தைக் கையில் எடுத்து வந்தார், விதியைக் காட்டினார், தடை நீங்கியது. வந்தவர் முருகனே என்று கதை முடிகிறது.

இது நடந்த நிகழ்ச்சியா என்பது என் வாதத்துக்குத் தேவையில்லை. இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள் எதை மதித்தார்கள் என்பதே தேவை. தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தடையை அடக்கியிருக்கலாம். கேட்டவரைத் தெய்வ நிந்தனை செய்தவர் என்று துரத்தியிருக்கலாம். கதை அப்படிப் போகவில்லை. தெய்வமே நூல் சுமந்து வந்து சபையில் நின்று விடை சொல்கிறது. கொண்டுவந்த நூலையும் கவனியுங்கள். வீரசோழியத்தை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். முருகன் புகழ் பாடும் காப்பியத்தின் முதற்சொல்லைக் காப்பாற்றியது ஒரு பௌத்தரின் இலக்கணம். அவர் எந்தச் சமயத்தார் என்று அந்தச் சபையில் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. விதி இருக்கிறதா, பொருந்துகிறதா என்பது மட்டுமே அங்கே கேள்வி. சொன்னவர் பெருமையை முன்னே நிறுத்தாமல், சான்றை எல்லார் கண்ணுக்கும் முன்னே வைத்து, தடை சொல்பவருக்கு இடம் விட்டு நிற்கும் சொல்லே நம்பத்தக்கது. என் துணிபு இதுதான். தன்னார்வக் கலைக்களஞ்சியம் தெரிந்தோ தெரியாமலோ இந்த அறத்தைத்தான் கைக்கொண்டிருக்கிறது.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அதன் அடிப்படை நெறிகளில் மெய்யறிதன்மை ஒன்று, நடுநிலை நோக்கு மற்றொன்று. ‘இது எனக்குத் தெரியும்’ என்பது அங்கே செல்லாது. ‘இது இன்ன நூலில் உள்ளது’ என்பதே செல்லும். அடிக்குறிப்பு இல்லாத வரியின் ஓரத்தில் ‘சான்று தேவை’ என்று யாரும் போட்டுவிடலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடல் பக்கம் உண்டு. யார், எந்த நாளில், எந்த நிமிடத்தில், எந்த எழுத்தை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. ரயில் வரலாற்றில் இந்த ஒழுக்கம் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ‘முதல்’ என்ற ஒரு சொல் போதும். இந்தியாவின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16-இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதற்கு முன்பே, 1837-இல், சென்னைக்கு அருகே செங்குன்றத்தில் கல் ஏற்றிச் செல்ல ரயில் பாதை இருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. மூன்றும் உண்மை. ‘பயணிகளுக்கான’, ‘சரக்குக்கான’, ‘தென்னிந்தியாவின்’ என்ற அடைகள் விழுந்துவிட்டால் மூன்றும் ஒன்றையொன்று பொய்யாக்கும். இதில் ஊர்ப்பற்று உள்ளே வருவது இயல்பு. ஊர்ப்பற்றைக் கட்டுப்படுத்தி அந்த அடைமொழியைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறவர் செய்வது சிறிய வேலைதான். ஆனால் அது உண்மைக்குச் செய்யும் தொண்டு.

இந்த முறைக்கு முதல் தடை அறிஞர்களிடமிருந்து வரும். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. துறை வல்லவர்கள் எழுதினார்கள். அதற்கு முன் 1910-இல் ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக அபிதான சிந்தாமணியைத் தந்தார். கற்றறிந்தவரின் பொறுப்பு இருந்த இடத்தில் யாரும் தொகுக்கலாம் என்றால், கல்லாதவர் கையில் உண்மை என்ன ஆகும்? இந்தக் கவலை நியாயமானது. ஆனால் தன்னார்வலர் அறிஞரின் இடத்தில் உட்காருவதில்லை. அறிஞர் எழுதியதைச் சுட்டிக்காட்டும் இடத்தில்தான் நிற்கிறார். அறிஞர் எழுதாவிட்டால் அடிக்குறிப்பே இல்லை. காஞ்சிப் பட்டு வாங்குகிறவரைப் பாருங்கள். நெய்தவர் பெயர் சேலையில் இருப்பதில்லை. ஜரிகையைச் சற்றே சுரண்டிப் பார்க்கிறார்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால், அதன்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் பூசிய நல்ல ஜரிகை என்று கொள்கிறார்கள். ஐயம் தீராவிட்டால் சோதனைக்கு அனுப்பி வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று அளந்து கேட்கிறார்கள். கடையின் பெயர் நம்பிக்கையைத் தொடங்கி வைக்கிறது, சுரண்டிப் பார்க்க முடிவதுதான் அதை முடித்து வைக்கிறது. அடிக்குறிப்பு என்பது வாசகன் சுரண்டிப் பார்ப்பதற்கென்றே விட்டு வைத்த இடம்.

ஜரிகையிலும் போலி உண்டு என்று எவரேனும் சொன்னால் அதையும் மறுப்பதற்கில்லை. விக்கிப்பீடியாவில் சான்றில்லாமல் ஏறிய ஒரு பிழையை ஒரு பத்திரிகை எடுத்துப் போடும். பிறகு அந்தப் பத்திரிகையே அந்தப் பிழைக்குச் சான்றாகிவிடும். பத்துப் பேர் சொல்கிறார்கள் என்று எண்ணினால், பத்துப் பேரும் ஒரே கிணற்றில் மொண்டவர்களாக இருப்பார்கள். தன்னார்வப் பணியின் மிகப் பெரிய நோய் இதுதான். எனவே சான்றுகளை எண்ணுவது மட்டும் போதாது. அவற்றின் ஊற்றையும் தேட வேண்டும். அந்தக் காலத்து அரசிதழ், கம்பெனியின் ஆண்டறிக்கை, அச்சிட்ட கால அட்டவணை என்று கீழே இறங்கிப் போக வேண்டும். இந்தக் குறை முறையைக் கைவிடச் சொல்லும் காரணம் ஆகாது, முறையை இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் காரணம்தான். அறவண அடிகள் போலிகளை எண்ணிக் காட்டியது வாதத்தை விட்டுவிடச் சொல்வதற்காக அல்ல.

எனக்கு மிகக் கனமாகத் தோன்றும் தடை வேறொன்று. எழுதிய சான்று மட்டுமே செல்லும் என்றால், எழுத முடியாதவர்கள் வரலாற்றில் இல்லாமல் போவார்கள். ரயில் கம்பெனிகளின் கணக்கில் பங்குதாரர்கள் உண்டு, பொறியாளர்கள் உண்டு. மண் சுமந்தவர்களும் சரளைக் கல் உடைத்தவர்களும் பெரும்பாலும் வெறும் கூலித் தொகையாகவே நிற்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம், காஞ்சிக்குப் போன பாதையின் அகலம் மூன்றடி ஆறங்குலம் என்றால், அரக்கோணத்தில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றியாக வேண்டும். யாருடைய முதுகு அதைச் சுமந்தது? கோயில் கல்வெட்டும் இப்படித்தான்: விளக்குக்கு ஆடு கொடுத்தவர் பெயர் இருக்கும், கல் செதுக்கியவர் பெயர் அரிதாகவே இருக்கும். இந்த அநீதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவது அந்த உழைப்பாளிகளுக்குச் செய்யும் நீதி அல்ல. இரண்டாம் முறை அவர்களை மறைப்பதுதான். செய்யத்தக்கவை இரண்டு. இது கம்பெனி தரும் கணக்கு என்று கட்டுரையிலேயே வெளிப்படச் சொல்வது ஒன்று. இன்று உயிரோடிருக்கும் வாய்மொழிகளையாவது ஒலியாக, எழுத்தாக, அச்சாகப் பதிந்து நாளைக்குச் சான்றாக்குவது மற்றொன்று. சான்று கேட்கும் ஒழுக்கம் சான்றை உண்டாக்கும் கடமையையும் கூடவே கொண்டு வருகிறது.

பக்தர்கள் வேறு விதமாகத் தயங்கலாம். தலபுராணங்களால் நிறைந்த ஊர் காஞ்சி. எல்லாவற்றுக்கும் சான்று கேட்கும் பழக்கம் நாளை நம்பிக்கையின் மேலும் கை வைக்காதா? வைக்காது என்றே நினைக்கிறேன். ‘மரபு இப்படிச் சொல்கிறது’ என்பது ஒரு வகை வாக்கியம், ‘கல்வெட்டு இப்படிச் சொல்கிறது’ என்பது வேறொரு வகை வாக்கியம். இரண்டையும் அதனதன் பெயரில் எழுதினால் இரண்டுக்கும் மதிப்பு நிற்கும். ஒன்றை மற்றொன்றாக வேடமிட்டால் இரண்டும் கெடும். குமரகோட்டத்துக் கதையை நான் மேலே மரபுக் கதை என்றே எழுதினேன். அதனால் அதன் ஒளி குறைந்துவிடவில்லை. இந்த ஊரில் வாழ்ந்தவர் என்று மரபு சொல்லும் குறள் உரையாசிரியர் பரிமேலழகர், தமக்கு ஒவ்வாத பாடத்தையும் பிறர் சொன்ன பொருளையும் குறித்துவிட்டுத்தான் மறுக்கிறார். மாற்றுக் கருத்து இருக்கிறது என்று வாசகனுக்குச் சொல்லிவிடுவது நம் உரையாசிரியர்கள் போற்றிய நேர்மை. நடுநிலை நோக்கு என்று இன்று நாம் சொல்வது அதன் நீட்சிதான்.

பெயர் வேண்டாத பணி என்றதும் நாம் அதன் தன்னலமின்மையைப் போற்றிவிட்டு நின்றுவிடுகிறோம். அது பாதிதான். பெயர் மறைத்துப் புறங்கூறுகிறவரும் உண்டு. ஆகவே பெயரின்மை தனியே அறமாகாது. இங்கே பெயர் முன்னே நிற்பதில்லை, ஆனால் பொறுப்பு பின்னே நிற்கிறது. புனைபெயரில் எழுதினாலும் போட்ட ஒவ்வொரு எழுத்தும் வரலாற்றுப் பக்கத்தில் கிடக்கும். தான் வளர்த்த வாக்கியத்தை இன்னொருவர் நல்ல சான்றோடு அழித்தால், அதைத் திரும்பப் போடாமல் ஏற்கத் தெரிய வேண்டும். அங்கேதான் ‘நான்’ என்பது உண்மையில் கரைகிறது. ஒரு கிளைப் பாதையின் அகலத்துக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். பெரிய உண்மைகளில் நமக்கு விருப்பு வெறுப்பு அதிகம். அங்கே நேர்மையைப் பழகுவது கடினம். மூன்று அங்குலம்கூட இல்லாத வேறுபாட்டில் தன் தவற்றை ஒப்புக்கொள்ளப் பழகியவருக்கே சாதி, சமயம், நாடு பற்றிய கேள்விகளில் அதைச் செய்யும் வலிமை வரும்.

எனவே ஒரு வேண்டுகோள். காஞ்சிபுரத்திலும் அரக்கோணத்திலும் செங்கல்பட்டிலும் ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் வீடுகளில் பழைய கால அட்டவணைகள், பணி உத்தரவுகள், நிலையப் படங்கள், மீட்டர் கேஜ் காலத்து அட்டைப் பயணச்சீட்டுகள் இருக்கக்கூடும். எடைக்குப் போடுவதற்கு முன் அவற்றில் உள்ள ஆண்டு தெரியும்படி படம் எடுங்கள். நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதைப் பதிந்து, பதிந்த நாளையும் குறித்து வையுங்கள். கட்டுரை எழுத நேரமில்லாதவர்கள், சான்றில்லாமல் நிற்கும் ஒரு வரிக்குக் கீழே ஒரு நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்த்தால்கூடப் போதும்.