மழை பார்க்கும் சுவர்

சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு செல்லும் சாலையில், வயல்கள் சூழ அமைந்துள்ளது கீரப்பாளையம். அப்பகுதியில் ஒரு வீட்டை மந்திரிக்க அண்மையில் நாம் அழைக்கப்பட்டோம். புது வீடன்று, மண் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டி, சுண்ணாம்பு பூசிய பழைய வீடு. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் பெருமழையையும் தாங்கி நின்ற வீடு. மகளைப் பெண் பார்க்க வரும் நாள் நெருங்கியதால், தெருவைப் பார்த்த தென்சுவரில் பழைய பூச்சின்மேல் சிமெண்டு பூசி, பளபளக்கும் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். மகளிர் குழுவில் பெற்ற கடன் முழுவதும் அதில் கரைந்திருந்தது.

"முகப்பு அழகாயிருக்கிறது" என்று வாழ்த்திவிட்டு உள்ளே சென்றோம். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வடக்கு அறைக்குள் நுழைந்தபோது, ஓதம் ஏறிய சுவரோரம் கட்டிலில் இருமியபடி கிடந்தார் அவ்வீட்டின் மூத்த தாய். பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. "இச்சுவரைக் கவனிக்கவில்லையா அம்மா?" என்று கேட்டோம். "வருகிறவர்கள் பின்சுவரைப் பார்ப்பதில்லையே, சாமி" என்றார் குடும்பத் தலைவி.

அம்மறுமொழியைப் பழிப்பது எளிது. ஆயினும் வீட்டின் முகத்தைக் கொண்டு பெண்ணின் மதிப்பை அளக்கும் சமுதாயத்தை அவரா உண்டாக்கினார்? பங்கு செலவில் வெள்ளையடித்த இல்லத்தில் வாழும் நாம், ஏழைத் தாயின் அச்சத்தை ஆடம்பரம் என்று தீர்ப்பிடலாகாது. எனினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. வெளிச்சுவருக்குச் செய்யும் பூச்சு யாருக்காக? பார்ப்பவர்க்காகவா, உள்ளே வாழ்பவர்க்காகவா?

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் மழை வடக்குச் சுவரையும் கிழக்குச் சுவரையுமே மிகுதியாகத் தாக்குகிறது. சாலையைப் புதுப்பிக்கும்தோறும் அது உயர, வீட்டின் தரை பள்ளமாகி, சுவரடியில் நீர் தேங்குகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் அந்நீரை மேலே இழுக்கிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் மிகுதி. சுவர் குடித்த ஈரம் அவற்றின் வழியே ஆவியாகிவிடும். சிமெண்டும் டைல்ஸும் அவ்வழியை அடைத்துவிடுகின்றன. வெளியேற முடியாத ஈரம் உட்புறம் திரும்புகிறது. கடன்பட்டு ஒட்டிய முகப்பே நாளை கூடத்துச் சுவரை நனைக்கக்கூடும்.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரம் சுவரின் நோயைப் பற்றிப் பேசுவதை நம்மில் பலர் கவனித்திருக்கமாட்டோம். சுவரில் கறை கண்டவர் குருவிடம் அறிவிக்கவேண்டும். குரு பார்வையிட்டு, வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாள் திரும்பி வந்து பார்க்கவேண்டும். கறை பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, பழைய பூச்சைச் சுரண்டி எறிந்த பின்னரே புதுச் சாந்து பூசவேண்டும். கறையின்மேல் பூச அச்சட்டம் இடந்தரவில்லை. அதில் ஒரு பரிவும் உண்டு. குரு நுழையுமுன் தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே எடுத்துவிடவேண்டும். இல்லையேல் அவையும் தீட்டாகிவிடும். நோயைக் கண்டிக்கும் சட்டம் ஏழையின் பானையைக் காப்பாற்றுகிறது.

எசேக்கியேல் நூலின் 13ஆம் அதிகாரமோ நம்மை நோக்கியே விரல் நீட்டுகிறது. மக்கள் வலுவற்ற சுவர் எழுப்பினார்கள். அதற்கு வெள்ளை பூசியவர்கள் போலி இறைவாக்கினர்கள். மழை வந்தது, சுவர் விழுந்தது. "முகப்பு அழகாயிருக்கிறது" என்று வாசலில் நின்று சொன்ன நம் சொல்லும் அத்தகைய வெள்ளைப் பூச்சுதான் அன்றோ? திருவிழாவுக்குக் கோவில் முகப்பை மட்டும் வண்ணம் தீட்டி மகிழ்ந்த பங்கில், மக்கள் வேறு எதைக் கற்றிருக்க முடியும்?

அழகு வேண்டாம் என்பதன்று நம் கருத்து. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்து லொயோலா வளாகத்தில் எழுப்பிய சிற்றாலயத்தின் சுவர்கள் பூச்சற்ற செங்கல்லாகவே நிற்கின்றன. மறைக்க ஒன்றுமில்லாத சுவருக்கு எளிமையே அழகாகிறது. சுவரைக் குணமாக்கிய பின் செய்யும் ஒப்பனை நன்றிக்குரியது. குணமாக்காமல் செய்வது நோயாளிக்குப் பட்டுடுத்துவதாகும். எந்தச் சுவர் முதலில் என்று கேட்டால், தெரு பார்க்கும் சுவரன்று, மழை பார்க்கும் சுவரே. குடும்பத்திலும் பங்கிலும் நம் உள்ளத்திலும் அதே வரிசைதான்.

ஏழாம் நாள், ஒரு கொத்தனாரை அழைத்துக்கொண்டு அவ்வீட்டிற்குத் திரும்பச் சென்றோம். சுவரடியில் ஏறிய மண்ணை வெட்டி அகற்றவேண்டும், கூரைநீர் சுவரோரம் விழாமல் திருப்பவேண்டும், பொரிந்த பூச்சைச் சுரண்டிக் கோடை வெயிலில் நன்றாய்க் காயவிடவேண்டும், அதன்பின் சுண்ணாம்பு பூசவேண்டும் என்றார் அவர். செலவு முகப்புக்கு ஆனதில் ஒரு பங்குகூட இராதாம். மண் வெட்டவும் பூச்சுச் சுரண்டவும் அன்பியத்து இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள். மூத்த தாயின் கட்டில் கூடத்துக்கு மாறியிருந்தது. "வருகிறவர்கள் பாட்டியைக் கூடத்திலேயே பார்ப்பார்களே" என்று மகள் தயங்கினாளாம். "பார்க்கட்டும்" என்றிருக்கிறார் தாய்.

மந்திரிப்பு அன்றுதான் முழுமையடைந்ததாக நாம் எண்ணுகிறோம்.