எவ்வளவு மார்க் போதும்?

பிளஸ் டூ பரீட்சையில் மாநிலத்தின் முதல் இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில், ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவர் 1200-க்கு 1195 வாங்கி முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பட்டியல் ஒழிந்தால் பிள்ளைகள் சற்று மூச்சு விடுவார்கள் என்பது நல்லவர்களின் நம்பிக்கை. நடந்தது வேறு. அரசாங்கம் கீழே போட்ட பட்டியலைப் பிள்ளைகளே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஓசூரில் என் சிநேகிதர் வீட்டு மாடியில் நாலைந்து பையன்கள் இரவில் கூடிப் படிக்கிறார்கள். தகப்பன்மார் சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விவாதம் நடக்கும். எல்லோருக்கும் நீட் தேர்வுதான் லட்சியம். அவர்களில் ஒருவன் சில நாட்களாக வாயே திறப்பதில்லை. தனியே அழைத்துக் கேட்டேன்.

"மத்தவங்க எல்லாம் அறுநூறுக்கு மேலே வாங்கறாங்க, மாமா. நான் சந்தேகம் கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு நெனைப்பாங்க" என்றான்.

கூடிப் படிப்பதே சந்தேகம் தீர்வதற்காகத்தான். சந்தேகம் அதிகம் உள்ளவனே அங்கே ஊமையாகிவிட்டால், அந்தக் கூட்டம் யாருக்காக?

அப்படியானால் எதிர்பார்ப்பே கூடாது என்று சொல்லிவிடலாமா? அதுவும் நியாயமாகாது. தேன்கனிக்கோட்டை மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுவது, பல சமயம் பக்கத்து பெஞ்சுக்காரி ஆசைப்படுவதைப் பார்த்துத்தான். "உனக்கு இவ்வளவு போதும்" என்று பிறர் சொல்வதை இந்த நாடு பொறுத்துக்கொண்டதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1953-இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் போட்டார். அவருடைய நோக்கம் எதுவாயினும், ஜனங்கள் காதில் விழுந்தது அந்த "போதும்" என்ற சொல்தான். 1954-இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆகவே ஆசை குற்றமல்ல. ஆசையை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதுதான் கேள்வி. நீட் தேர்வில் 2024-இல் முதலில் வந்த முடிவின்படி 67 பேர் முழு 720 மார்க்கும் வாங்கியிருந்தார்கள். திருத்திய பிறகு அது 17 பேராயிற்று. 2025-இல் நாட்டிலேயே முதல் மார்க் 686. 2024-இல் 690 வாங்கிக் கூட்டத்தில் காணாமற்போன ஒருவன், அதே எண்ணோடு மறுவருஷம் வந்திருந்தால் இந்தியாவுக்கே முதல்வன்! அவன் அறிவு கூடவுமில்லை, குறையவுமில்லை. கேள்வித்தாள் மாறியது, அவ்வளவுதான்.

இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உருப்படியை அளக்கிற கேஜையே அவ்வப்போது சோதிப்பார்கள். கேஜ் பிசகியிருந்தால் உருப்படியைக் குப்பையில் எறியமாட்டார்கள். தகப்பன் இரும்புக்குக் காட்டும் இந்த நியாயத்தை, மகன் தன் தோழனுக்குக் காட்ட வேண்டாமா?

தோழர்கள் ஒருவரிடம் ஒருவர் எதிர்பார்க்க உரிமையுள்ளது உழைப்பையும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் தைரியத்தையும்தான். எண்ணைக் கேட்கும் உரிமை கல்லூரிக்கு இருக்கலாம், சிநேகிதத்துக்கு இல்லை.